பவர் பிரஸ்ஸில் விரல் போனால்: மெஷினிலிருந்து இழப்பீடு வரை

அம்பத்தூர், திருமுடிவாக்கம், ஓசூர், கோயம்புத்தூர் என்று எந்தத் தொழிற்பேட்டைக்குப் போனாலும் பவர் பிரஸ் ஓடும் சத்தம் கேட்கும். தகட்டை வெட்டுவது, வளைப்பது, துளை போடுவது எல்லாம் அதில்தான். கார் கதவின் கீல், மிக்சியின் அடித்தட்டு, ஃபேன் பிராக்கெட் போன்ற சாமான்கள் அதிலிருந்து ஆயிரக்கணக்கில் வந்து விழுகின்றன. விரலைப் பறிகொடுக்கும் விபத்துகளும் அங்கேதான் அதிகம் நடக்கின்றன.

அடிபட்டதும் ஷாப்பில் (பட்டறையில்) முதலில் எழும் பேச்சு, "பார்த்து வேலை செய்திருக்கக் கூடாதா?" என்பதுதான். அடிபட்டவரே பல நேரம் அதை நம்பிவிடுகிறார். தன் மேல்தான் தப்பு, அதனால் கேட்க உரிமை இல்லை என்று ஒதுங்கிவிடுகிறார். இழப்பீட்டுச் சட்டமோ அந்தக் கேள்வியைப் பெரும்பாலும் கேட்பதில்லை. வேலை நேரத்தில், வேலை காரணமாகக் காயம் ஏற்பட்டதா என்பதுதான் அது பார்க்கும் விஷயம். கவனக்குறைவு இருந்தாலும் இழப்பீடு உண்டு. உரிமை இப்படித் தெளிவாக இருந்தும் பலருக்குப் பணம் வந்து சேராததற்குக் காரணம், அதைக் காட்டும் காகிதங்கள் முதல் இரண்டு நாளில் சரியாக எழுதப்படாமல் போவதுதான்.

மெஷின் என்ன செய்கிறது

பவர் பிரஸ்ஸில் மோட்டார் எப்போதும் பிளைவீல் எனும் கனமான பெரிய சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆபரேட்டர் பெடலை மிதித்தால் கிளட்ச் பிடித்து, பிளைவீலின் சுழற்சி கிராங்க் தண்டுக்குப் போகும். ராம் எனும் மேலும் கீழும் நகரும் பாகம் கீழே இறங்கி, மேல் டையும் கீழ் டையும் (அச்சுகள்) சேர்ந்து தகட்டை அழுத்திவிட்டு மேலே ஏறும். மேலே வந்ததும் கிளட்ச் விட்டுவிட வேண்டும், பிரேக் ராமைப் பிடித்து நிறுத்த வேண்டும். இது ஒரு ஸ்ட்ரோக்.

நிமிடத்துக்கு 60 ஸ்ட்ரோக் போகும் பிரஸ்ஸில் ஒரு முழுச் சுற்றுக்கு ஒரு வினாடி ஆகும். ராம் மேலிருந்து கீழே வர அரை வினாடிதான். கை உள்ளே இருப்பதைக் கண் பார்த்து, மூளை உணர்ந்து, கையை இழுப்பதற்குள் அந்த அரை வினாடி முடிந்துவிடும். "உஷாரா இருந்தா தப்பிக்கலாம்" என்ற அறிவுரை இந்த மெஷினிடம் செல்லாது.

சிறு ஷாப்களில் இன்னும் ஓடும் பழைய பிரஸ்களில் பின் (pin) கிளட்ச் அல்லது கீ (key) கிளட்ச் இருக்கும். இது ஒருமுறை பிடித்துவிட்டால் முழுச் சுற்றும் முடிந்த பிறகுதான் விடும். பாதியில் நிறுத்த வழியே இல்லை. எமர்ஜென்சி பட்டனைத் தட்டினால் மோட்டார் மட்டும்தான் நிற்கும், இறங்க ஆரம்பித்த ராம் இறங்கியே தீரும். காற்றழுத்தத்தில் இயங்கும் ஃபிரிக்ஷன் கிளட்ச் உள்ள பிரஸ்ஸில் நடு ஸ்ட்ரோக்கிலும் ராமை நிறுத்தலாம். எந்தப் பாதுகாப்பு எந்த மெஷினுக்குப் பொருந்தும் என்பது இந்த வேறுபாட்டைப் பொறுத்தது.

ஆபரேட்டர் எதுவுமே செய்யாமல் ராம் இறங்குவதும் உண்டு. ஷாப்பில் அதை "டபுள் அடிச்சிருச்சு" என்பார்கள். கிளட்சின் கீ தேய்ந்தோ உடைந்தோ போயிருக்கும். கீயைத் திரும்ப இழுக்கும் ஸ்பிரிங் அறுந்திருக்கும். பிரேக் லைனிங்கில் ஆயில் பட்டு வழுக்கும், அல்லது பிரேக் லூசாகி ராம் மேலே நிற்காமல் நழுவும். ஒரு ஸ்ட்ரோக் முடிந்துவிட்டது என்று நம்பி சாமானை எடுக்கக் கை உள்ளே போகும்போது இரண்டாவது ஸ்ட்ரோக் வரும். டபுள் அடித்த பிரஸ்ஸை அந்தக் கணமே நிறுத்திக் கிளட்சைப் பிரித்துப் பார்க்க வேண்டும். "காலையிலிருந்தே ரெண்டு தடவை அப்படித்தான் அடிச்சுது" என்பது விபத்துக்குப் பிறகு சக தொழிலாளர்களிடம் கேட்டால் அடிக்கடி வரும் பதில். இழப்பீட்டு விசாரணையிலும் பயன்படும் சாட்சியம் அது.

பெடல் இன்னொரு ஆபத்து. மேலே கவசம் இல்லாத பெடலில் சாமானோ டூலோ விழுந்தால் ஸ்ட்ரோக் போய்விடும். இரண்டு பேர் ஒரே பிரஸ்ஸில் நின்று, ஒருவர் தகடு வைக்க மற்றவர் மிதிப்பது அதைவிட மோசம். மோட்டாரை அணைத்துவிட்டு டையைத் துடைக்கும்போதும் அடிபடுகிறார்கள். மோட்டார் நின்றாலும் பிளைவீல் சிறிது நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும், அந்த நேரத்தில் பெடல் அழுந்தினால் ஒரு முழு ஸ்ட்ரோக்குக்கான சக்தி அதில் மிச்சமிருக்கும். டை மாற்றும்போது பிளைவீல் முழுவதும் நிற்கும்வரை காத்திருந்து, ராமுக்கு அடியில் முட்டுக்கட்டை வைக்க வேண்டும்.

தடுக்க என்ன இருக்க வேண்டும்

முதல் இடம் நிலையான கார்டுக்கு (தடுப்புக் கவசத்துக்கு). டையைச் சுற்றி, தகடு நுழையும் அளவுக்கு மட்டும் திறப்பு விட்டு, விரல் போகாதபடி மூடிவிடுவது. செலவு குறைவு, எந்தக் கிளட்சுக்கும் பொருந்தும். கையால் ஒவ்வொரு சாமானாக வைத்து எடுக்கும் வேலைக்கு அது ஒத்துவராது என்பதால்தான் மற்ற ஏற்பாடுகள் வருகின்றன.

இரு கை பட்டன் என்றால் இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தினால்தான் ஸ்ட்ரோக் போகும். சரியான சர்க்யூட்டில் இரண்டையும் அரை வினாடி இடைவெளிக்குள் அழுத்த வேண்டும், ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் இரண்டையும் விட்டுவிட்டு மறுபடி அழுத்த வேண்டும். ஒரே கையின் விரல்களால் எட்டாதபடி பட்டன்களுக்கு நடுவே குறைந்தது 260 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். மலிவாக வயர் செய்த மெஷின்களில் இந்த நிபந்தனை ஏதும் இருக்காது. ஒரு பட்டனில் டேப் ஒட்டிவிட்டால் மற்றதை மட்டும் அழுத்தி ஓட்டலாம். அப்போது ஒரு கை டைக்குள் போகத் தடையில்லை.

சென்சார் எனப்படும் ஒளித்திரை இன்னும் நுட்பமானது. கை குறுக்கே போனால் ராம் நிற்கும். ஆனால் அது ஃபிரிக்ஷன் கிளட்ச் பிரஸ்ஸில்தான் வேலை செய்யும். பின் கிளட்ச் பிரஸ்ஸில் சென்சார் மாட்டினால் விளக்கு எரியும், இறங்க ஆரம்பித்த ராம் மட்டும் நிற்காது. மாட்டும் தூரமும் கணக்குப்படி இருக்க வேண்டும். கை வினாடிக்கு 1.6 மீட்டர் வேகத்தில் நகரும் என்று வைத்துக்கொள்வது வழக்கம். சென்சார் உணர்ந்து ராம் நிற்க 0.25 வினாடி ஆகும் என்றால், டையிலிருந்து சென்சார் குறைந்தது 40 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். பிரேக் தேயத் தேய அந்த நேரம் கூடும். மாட்டியபோது சரியாக இருந்த தூரம் இரண்டு ஆண்டு கழித்துப் போதாமல் போகலாம்.

இவையெல்லாம் இருந்தும் விபத்து நடப்பது ஏன்? டார்கெட்தான் முதல் காரணம். சென்சார் இருந்தால் ஒரு ஷிஃப்டில் வரும் எண்ணிக்கை குறையும் என்றால், சூப்பர்வைசர் சாவியைத் திருப்பி பைபாஸ் செய்துவிடுவார். ஹெல்பர் என்று சேர்த்த ஆளை இரண்டாம் நாளே பிரஸ்ஸில் நிறுத்துவதும், 12 மணி நேர ஷிஃப்டும் மற்றவை. சாமானை எடுக்க இடுக்கியோ காந்தக் கோலோ கொடுத்தால் கை உள்ளே போகவே தேவையில்லை. சில நூறு ரூபாய் சாமான். அது இல்லாத ஷாப்களே அதிகம்.

முதல் ஒரு மணி நேரம்

காயத்தின் மேல் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைக்க வேண்டும். விரல் வெட்டுக்கு இதுவே பெரும்பாலும் போதும், கயிறு போட்டு இறுக்கக் கூடாது. மோதிரம், வளையம் இருந்தால் வீங்கும் முன் கழற்றிவிட வேண்டும். ஆபரேஷனுக்கு மயக்க மருந்து தேவைப்படும் என்பதால் டீ, தண்ணீர் எதுவும் கொடுக்கக் கூடாது.

துண்டான விரலைத் தேடி எடுங்கள். டைக்குள் இருந்தால் பிளைவீல் நின்ற பிறகு ராமைக் கையால் திருப்பி எடுக்க வேண்டும். அவசரத்தில் இன்னொரு ஸ்ட்ரோக் போட்டு எடுக்கப் பார்க்காதீர்கள். சலைனில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியில் அதைச் சுற்றி, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு பையில் வைக்க வேண்டும். ஐஸ் நேரடியாக விரலில் படக் கூடாது, பட்டால் திசு உறைந்து செத்துவிடும். தண்ணீருக்குள் ஊறப்போடுவதும் தப்பு. விரலில் தசை இல்லாததால், குளிரில் வைத்தால் பல மணி நேரம் தாங்கும். மணிக்கட்டு, முழங்கை என்று மேலே போகப் போகத் தசை இருப்பதால் நேரம் சுருங்கிவிடும்.

சுத்தமாக வெட்டுப்பட்ட விரலை ஒட்டவைக்க வாய்ப்பு அதிகம். பிரஸ்ஸில் நசுங்கிய விரலுக்கு வாய்ப்பு குறைவு. அதை முடிவு செய்ய வேண்டியது கை அறுவை மருத்துவர். சென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் கை அறுவைப் பிரிவு இதற்குப் பெயர் பெற்றது. கோயம்புத்தூரில் கங்கா மருத்துவமனை இந்த வகை மைக்ரோ அறுவையில் நீண்ட அனுபவம் உள்ளது. பக்கத்துத் தெரு நர்சிங் ஹோமில் தையல் போட்டு மூடிவிட்ட பிறகு விரலை ஒட்டவைக்கும் பேச்சுக்கே இடமிருக்காது.

எழுதப்படும் வார்த்தைகள்

மருத்துவமனைக்குள் நுழைந்ததும் "எப்படி அடிபட்டது?" என்று கேட்டு விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். இதன் நகலைத்தான் ஏ.ஆர். காப்பி என்கிறோம். கூட வந்த சூப்பர்வைசர் முந்திக்கொண்டு "வண்டியில் போகும்போது விழுந்துட்டார்", "வீட்டுக் கதவு இடுக்கில் மாட்டிக்கிச்சு" என்று சொல்லிவிடுவது நடக்கிறது. வலியில் இருப்பவர் மறுத்துப் பேச மாட்டார். பிறகு வழக்கில் கம்பெனி தரப்பு முதலில் நீட்டுவது அந்த வரியைத்தான். கம்பெனியின் பெயர், எந்த மெஷின், எத்தனை மணி என்ற மூன்றையும் அடிபட்டவரோ உறவினரோ தாங்களே சொல்லி எழுத வைக்க வேண்டும்.

பிறகு சேர்க்க வேண்டியவை: டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்-ரே, மருந்து பில்கள், கையின் போட்டோ. வேலை செய்ததைக் காட்ட, சம்பளச் சீட்டு, வங்கியில் சம்பளம் வந்த வரி, பி.எஃப். எண், கேட் பாஸ், ஷிஃப்ட் பற்றி சூப்பர்வைசர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி என எது கிடைத்தாலும் நல்லது. கையில் காசாகச் சம்பளம் வாங்கும் கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு இந்தச் சின்னச் சின்னத் தடயங்கள்தான் ஆதாரம். மெஷினின் படம் கிடைத்தால் இன்னும் நல்லது. விபத்து நடந்த இரவே கார்டு மாட்டி, டேப்பை உரித்து, சென்சாரை ஆன் செய்து வைத்துவிடுவார்கள். மறுநாள் வரும் இன்ஸ்பெக்டருக்கு எல்லாம் ஒழுங்காகத் தெரியும்.

எந்தக் காரணத்துக்காகவும் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடக் கூடாது. வலது கையில் கட்டு இருக்கும்போது இடது கைப் பெருவிரலைப் பிடித்து ரேகை வைப்பதும் இதில் அடக்கம்.

இ.எஸ்.ஐ. உண்டா, இல்லையா

அடுத்து வரும் எல்லாமே இந்த ஒரு கேள்வியைப் பொறுத்தவை. 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில், மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர் இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்குள் வருவார். மாற்றுத் திறனாளிகளுக்கு வரம்பு 25,000. சம்பளத்தில் 0.75 சதவீதம் தொழிலாளியிடம் பிடித்து, 3.25 சதவீதம் முதலாளி சேர்த்துக் கட்ட வேண்டும். கான்ட்ராக்டர் மூலம் வந்தவரும் இதில் சேர்த்திதான்.

இ.எஸ்.ஐ.யில் இருப்பவருக்கு விபத்து இழப்பீட்டை முதலாளி தர மாட்டார், இ.எஸ்.ஐ. கார்ப்பரேஷன்தான் தரும். கம்பெனி மேல் தனியாக இழப்பீட்டு வழக்குப் போட முடியாது. "கேஸ் போட்டா மொத்தமா லட்சக்கணக்கில் வாங்கிக் குடுக்கிறேன்" என்று யாராவது வந்தால், முதலில் அவரிடம் இ.எஸ்.ஐ. எண்ணைச் சொல்லிப் பாருங்கள்.

விபத்து முதல் நாளிலேயே நடந்தாலும் உரிமை உண்டு. மற்ற நோய்ப் பலன்களுக்கு இருப்பது போல இத்தனை நாள் பணம் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை வேலை விபத்துக்கு இல்லை. முதலாளி பெயரைப் பதிவு செய்யவே இல்லை என்றாலும் தொழிலாளிக்கு உரிமை போகாது. பலனைக் கார்ப்பரேஷன் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலித்துக்கொள்ளும். 2002-இல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. நடைமுறையில், விபத்து நடந்த பிறகு அவசர அவசரமாகப் பெயரைச் சேர்த்தால் கிளை அலுவலகம் சந்தேகப்பட்டு விசாரிக்கும். அப்போது மேலே சொன்ன சம்பளத் தடயங்கள் கைகொடுக்கும்.

முதலாளி விபத்தை 11-ஆம் எண் படிவமான விபத்துப் புத்தகத்தில் எழுதி, 12-ஆம் எண் படிவத்தில் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கும் டிஸ்பென்சரிக்கும் தெரிவிக்க வேண்டும். உறுப்பை இழக்கும் அளவுக்குப் பெரிய காயம் என்றால் உடனே தெரிவிக்க வேண்டும். அனுப்பாவிட்டால் தொழிலாளியே நடந்ததை ஒரு தாளில் எழுதி, ஏ.ஆர். காப்பியோடு கிளை அலுவலகத்தில் கொடுத்து முத்திரையோடு ஒப்புகை வாங்கிக்கொள்ளலாம்.

பணம் இரண்டு கட்டமாக வரும். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குத் தற்காலிக ஊனப் பலனாகச் சராசரி தினக்கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். விபத்து நாளைத் தவிர்த்துக் குறைந்தது மூன்று நாள் வேலைக்குப் போக முடியாமல் இருந்திருக்க வேண்டும். வேலைக்குப் போக முடியாது என்று டாக்டர் சான்று கொடுத்துக்கொண்டிருக்கும்வரை எத்தனை மாதம் ஆனாலும் வரும். தினக்கூலி 500 என்றால் நாளுக்கு 450 ரூபாய். சான்றுகளுக்கு இடையே ஒரு நாள் விட்டுப்போனாலும் அந்த நாளின் பணம் போய்விடும்.

காயம் ஆறிய பிறகு மருத்துவ வாரியம் கையைப் பார்த்து, சம்பாதிக்கும் திறன் எத்தனை சதவீதம் போயிருக்கிறது என்று முடிவு செய்யும். அந்தச் சதவீதத்துக்கு ஏற்ப வாழ்நாள் முழுக்க மாதாமாதம் பணம் வரும். வாரியத்துக்கு அனுப்புங்கள் என்று தொழிலாளியே எழுத்தில் கேட்க வேண்டியிருக்கும். தானாக நடக்கும் என்று காத்திருந்து காலத்தைக் கடத்தியவர்கள் நிறைய.

எந்த விரலுக்கு எவ்வளவு

சட்ட அட்டவணையிலேயே எண்கள் இருக்கின்றன. பெருவிரல் முழுவதும் போனால் 30 சதவீதம், அதன் நுனிக் கணு மட்டும் போனால் 20. ஆட்காட்டி விரல் முழுவதும் 14, இரண்டு கணு 11, ஒரு கணு 9, எலும்பு போகாமல் நுனி மட்டும் 5. நடுவிரல் முழுவதும் 12. மோதிர விரலோ சுண்டு விரலோ 7. ஒரே கையில் இரண்டு விரல் போனால் 20, மூன்று போனால் 30, நான்கும் போனால் 50. மணிக்கட்டோடு கை போனால் 60. இடது, வலது என்ற வேறுபாடு கிடையாது. விரல் அறுந்து விழாமல், ஆனால் மடங்காமல், உணர்ச்சியில்லாமல் முழுக்கப் பயனற்றுப் போயிருந்தாலும் போன விரலாகவே கணக்கு.

முன்னே சொன்ன 500 ரூபாய் தினக்கூலிக்காரர் ஆட்காட்டி விரலை இழந்தால் 450-இல் 14 சதவீதம், அதாவது நாளுக்கு 63 ரூபாய், மாதம் சுமார் 1,890. நான்கு விரல் என்றால் நாளுக்கு 225, மாதம் 6,750. விலைவாசியை ஒட்டி இந்தத் தொகையை அவ்வப்போது உயர்த்துவார்கள். வேறு வேலைக்குப் போனாலும், அதே சம்பளம் வாங்கினாலும், ஊருக்கே திரும்பிவிட்டாலும் இது நிற்காது. குறித்த காலத்தில் வாழ்நாள் சான்று மட்டும் கொடுக்க வேண்டும்.

வாரியம் கொடுத்த சதவீதம் குறைவு என்று தோன்றினால் மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கோ, நேரடியாக இ.எஸ்.ஐ. நீதிமன்றத்துக்கோ போகலாம். மூன்று மாதத்துக்குள் போவது நல்லது. அரசு தரும் மாற்றுத் திறனாளி அடையாள அட்டையில் இருக்கும் சதவீதம் வேறு கணக்கு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கு

நான்கு பேர் வேலை செய்யும் ஷெட், 21,000-க்கு மேல் சம்பளம் வாங்குபவர், அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் சேர்ந்த ஐ.டி.ஐ. மாணவர் ஆகியோருக்கு முதலாளியே இழப்பீடு தர வேண்டும். 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம்தான் இதற்கு அடிப்படையாக இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதன் இடத்துக்கு வந்திருக்கிறது. அதற்கு முன் நடந்த விபத்துக்குப் பழைய சட்டம். கணக்குப் போடும் முறையின் அச்சாணி மாறவில்லை.

மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை வயதுக்கான எண்ணால் பெருக்க வேண்டும். கணக்குக்கு எடுக்கும் சம்பளத்தின் உச்சவரம்பு 15,000 ரூபாய் என்று 2020 ஜனவரியில் நிர்ணயித்தார்கள். வயது எண் 25 வயதுக்கு 216.91, 30-க்கு 207.98, 40-க்கு 184.17. ஆக, 18,000 சம்பளம் வாங்கும் 25 வயது ஆளுக்கு 15,000-இல் 60 சதவீதம் 9,000, அதை 216.91-ஆல் பெருக்கினால் 19,52,190. இது முழு ஊனத்துக்கான தொகை. நான்கு விரல் போனால் அதில் பாதி, 9,76,095. ஆட்காட்டி விரலுக்கு 14 சதவீதம், சுமார் 2,73,300. இறந்துபோனால் 60-க்குப் பதில் 50 சதவீதம், ஆனால் 1,20,000-க்குக் குறையக் கூடாது. மருத்துவச் செலவு தனியாக வரும். வேலைக்குப் போகாத காலத்துக்கு மாதம் இருமுறை, ஒவ்வொரு முறையும் மாதச் சம்பளத்தில் 25 சதவீதம்.

அட்டவணைச் சதவீதத்தோடு நின்றுவிட வேண்டியதில்லை. ஒரு தச்சர் விபத்தில் இடது கையை முழங்கைக்கு மேலே இழந்த வழக்கில், ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்பதால் அவர் இழந்தது நூறு சதவீதம் என்று 1975-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டர்னர், வெல்டர், டூல் மேக்கர் போன்றவர்கள் தங்கள் வேலைக்கு அந்த விரல் எப்படித் தேவை என்பதை விளக்கி அதிகம் கேட்கலாம்.

அதே தீர்ப்பு இன்னொன்றும் சொன்னது: விபத்து நடந்த நாளிலேயே முதலாளியின் பொறுப்பு தொடங்கிவிடுகிறது. ஒரு மாதம் தாண்டித் தாமதித்தால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. காரணமில்லாமல் இழுத்தடித்தால் தொகையில் பாதிவரை அபராதம், அதுவும் தொழிலாளிக்கே சேரும்.

முதலாளி தரப்பு வழக்கமாக எடுக்கும் ஆயுதம், "கார்டை அவரே கழற்றினார்" என்பது. தெரிந்தே, வேண்டுமென்றே கழற்றியிருந்தால் அந்த வாதம் நிற்கும். சூப்பர்வைசர் கழற்றச் சொன்னால், அல்லது கார்டு எப்போதுமே மாட்டப்படாமல் இருந்தால் நிற்காது. குடிபோதை, பாதுகாப்பு உத்தரவை வேண்டுமென்றே மீறியது என்பவையும் இதே வகை. இறப்பிலும் முழு நிரந்தர ஊனத்திலும் இந்த வாதங்கள் எதுவும் எடுபடாது. கான்ட்ராக்டர் ஓடிவிட்டார் என்றால் வேலை நடந்த கம்பெனியே கொடுக்க வேண்டும், பிறகு அது கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளட்டும்.

விபத்து நடந்த இரண்டு ஆண்டுக்குள் மனு போட்டுவிடுங்கள். தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் இணை ஆணையர் அல்லது துணை ஆணையர் இழப்பீட்டு ஆணையராக இருந்து விசாரிப்பார். வக்கீல் கட்டாயமில்லை, பதிவு பெற்ற சங்கத்தின் நிர்வாகியும் ஆஜராகலாம். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து அடிபட்டவர் ஊர் திரும்பிவிட்டால், தன் ஊரில் உள்ள ஆணையரிடமே மனு கொடுக்கலாம். இதைத் தெரியாமல் ரயில் ஏறியதோடு விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

இன்ஸ்பெக்டரும் போலீசும்

இழப்பீட்டுக்கு யார் தப்பு என்ற கேள்வி இல்லை என்றால் முதலாளிக்கு எதுவுமே ஆகாதா? ஆகும், ஆனால் அது தனிப் பாதை. 48 மணி நேரம் வேலைக்குப் போக முடியாத காயம் என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்குத் தகவல் போக வேண்டும் என்பது பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் விதி, அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது. கார்டு இல்லாமல் மெஷின் ஓட்டியதற்கு வழக்குப் போடுவது அவர்கள் வேலை. புதிய பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தின்படி, விதிமீறலால் பலத்த காயம் ஏற்பட்டால் ஓர் ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சத்துக்குக் குறையாமல் 4 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தில் குறைந்தது பாதியைக் காயம்பட்டவருக்குக் கொடுக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். போலீஸ் புகாரும் கொடுக்கலாம். அது கொடுத்தால்தான் இழப்பீடு என்று இல்லை, கொடுத்ததால் இழப்பீடு நிற்பதும் இல்லை.

செட்டில்மென்ட் என்று வந்தால்

சில வாரம் கழித்து முதலாளியோ கான்ட்ராக்டரோ வீட்டுக்கு வந்து 50,000 ரூபாய் கொடுத்து, "இதோட முடிச்சுக்கலாம்" என்பார். முத்திரைத் தாளில் "இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்" என்று எழுதியிருக்கும். சட்டம் கொடுத்த இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. ஆணையரிடம் பதிவு செய்யாத உடன்பாட்டைக் காட்டி முதலாளி தப்பிக்க முடியாது. அவசரத்துக்குப் பணம் தேவை, வாங்கத்தான் வேண்டும் என்றால் "மருத்துவச் செலவுக்கு முன்பணம்" என்று எழுதி வாங்குங்கள். இறப்பு வழக்கில் கையில் கொடுக்கும் பணம் இழப்பீடாகவே கருதப்படாது, முழுத் தொகையையும் ஆணையரிடம்தான் கட்ட வேண்டும்.

கூடவே ஒரு ராஜினாமாக் கடிதமும் நீட்டப்படும். இ.எஸ்.ஐ.யின் தற்காலிக ஊனப் பலன் வாங்கும் காலத்தில் முதலாளி வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று சட்டம் தடுக்கிறது, அதனால்தான் தொழிலாளியே எழுதிக் கொடுத்துவிட்டதாகக் காட்டப் பார்க்கிறார்கள். எழுதிக் கொடுக்காமல், டாக்டர் "வேலைக்குத் தகுதி" என்று சான்று கொடுத்த நாளில் கம்பெனி கேட்டுக்குப் (வாசலுக்குப்) போங்கள். உள்ளே விடாவிட்டால் அன்றைக்கே "வேலைக்கு வந்தேன், அனுமதிக்கவில்லை" என்று பதிவுத் தபாலில் கம்பெனிக்கு எழுதி, நகலைத் தொழிலாளர் அலுவலருக்கும் அனுப்ப வேண்டும். பிரஸ்ஸில் மறுபடி நிற்கக் கை ஒத்துழைக்காது என்றால் பேக்கிங், இன்ஸ்பெக்ஷன், ஸ்டோர் போன்ற இலகு வேலை கேட்டு அந்தக் கடிதத்திலேயே எழுதுங்கள், டாக்டர் சான்றின் நகலை இணைத்து.